தாடியஸ் ஸ்டீவன்ஸ்: வாழ்வும் வழக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரும், அதனையடுத்து 1877 வரை நீண்ட மறுசீரமைப்புக் காலமும் அந்நாட்டு வரலாற்றாசிரியர்களிடையே தீராத கருத்து வேறுபாட்டுக்கு நிலைக்களனாய் விளங்குவன. அக்கால அரசியலில் பிரதிநிதிகள் அவையைத் தம் சொல்லாற்றலால் நடத்திச் சென்றவர் பென்சில்வேனியா மாநிலத்து உறுப்பினராகிய தாடியஸ் ஸ்டீவன்ஸ் (1792-1868) என்பதனை நண்பரும் பகைவரும் ஒருங்கே உடன்படுவர். அவர் குடியரசுத் தலைவராக இருந்தவரல்லர்; அமைச்சர் பதவியும் அவரை அடைந்ததில்லை. எனினும் அவர் காலத்துக் குடியரசுத் தலைவர் பலரினும் அவர் பெயரே மிகுதியாகப் பழிக்கப்பட்டது. பின்னர் மிகுதியாகப் போற்றவும்பட்டது.

பழித்தோர் கூற்றை முதற்கண் நோக்குவோம். தோல்வியுற்ற தென்மாநிலங்களின்மீது அவர் கொண்ட தணியாத வெறுப்பே அவருடைய செயல்களுக்கெல்லாம் காரணம் என்பது அவர்கள் முடிபு. அவ்வெறுப்புக்கு அவர்கள் காட்டும் ஏதுக்கள் மூன்று. பிறவியிலேயே வளைந்திருந்த அவர் கால் ஒன்று. போரின்போது தென்படையினர் எரித்த அவருடைய இரும்பாலை ஒன்று. அவர் இல்லத்தை நடத்திவந்த கலப்பினப் பெண்மணி மற்றொன்று. இவை பாமரர் வாய்ப்பேச்சாக நின்றிருப்பின் நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுதிய நூல்களிலும், ஊர்தோறும் காட்டப்பெற்ற திரைப்படத்திலும் இவை ஏறிவிட்டமையின் ஆராய்ச்சிக்கு உரியவாயின. ஆராய்தற்கு நாம் ஈண்டு மேற்கொள்ளும் கருவி ஆண்டு வரிசையே. காரணம் காரியத்துக்கு முற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது அளவை நூலார் யாவர்க்கும் உடன்பாடு.

ஸ்டீவன்ஸ் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்து டான்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலையாகக் குடும்பம் பேணியவரல்லர். நாளடைவில் மனைவி மக்களை விட்டகன்றார். நான்கு ஆண்மக்களையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்புத் தாய் சாரா மோரில் ஒருவர்மேலேயே விழுந்தது. உடற்குறையுடைய இம்மகனைக் கல்வியில் உயர்த்துவதே தம் கடன் எனக் கொண்ட அவ்வம்மையார், நல்ல பள்ளியொன்று இருந்தமை பற்றிப் பீச்சம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் பயின்று 1814-இல் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவின் யார்க் நகரில் சிறிது காலம் ஆசிரியப் பணி ஆற்றிச் சட்டம் கற்று, 1816-இல் கெட்டிஸ்பர்க் நகரில் வழக்குரைஞரானார். பிற்காலத்தில் பெரும்போர் ஒன்றினால் உலகறிந்த அந்நகர் அன்று மேரிலாந்து மாநில எல்லையை அடுத்த சிற்றூராகவே இருந்தது. மேரிலாந்தில் அடிமை முறை உண்டு. பென்சில்வேனியாவிலோ 1780-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது படிப்படியாக ஒழிந்துகொண்டிருந்தது. இந்த எல்லையின் இருப்பு அவர் வாழ்க்கையில் பெரும்பங்கு கொண்டது என்பதனை மறத்தலாகாது.

1821-இல் அவர் ஏற்று நடத்திய வழக்கொன்று நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. சாரிட்டி பட்லர் என்னும் அடிமைப் பெண் தனக்கும் தன் மக்களுக்கும் விடுதலை வேண்டி வழக்குத் தொடுத்தாள். வெளிமாநிலத்தார் ஒருவர் தம் அடிமையைப் பென்சில்வேனியாவில் ஆறு திங்களுக்கு மேல் வைத்திருப்பின் அவ்வடிமை விடுதலை பெறுதல் அம்மாநிலத்துச் சட்டம். பட்லர் அங்கு வந்து தங்கிய காலங்களையெல்லாம் கூட்டிப் பார்ப்பின் ஆறு திங்களைக் கடக்கும் என்பது அவள் தரப்பு. இடையிட்டு இடையிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டுதல் சட்டத்தின் கருத்தன்று. தொடர்ந்து தங்கிய காலமே கணக்கு என்பது எதிர்த்தரப்பு. மாநில உயர்நிலை நீதிமன்றம் எதிர்த்தரப்பையே ஏற்றது. தாயும் மக்களும் அடிமைகளாகவே மீண்டனர். உரிமையாளர் பொருட்டு வாதாடி வென்றவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்!

பிற்காலத்தில் அவரைப் போற்றி எழுதினோர் சிலர் இவ்வழக்கை விரைந்து கடந்து செல்வர். அது தகாது என்பது நம் கருத்து. வழக்குரைஞர் எத்தரப்பிலும் நிற்கலாம் என்னும் தொழில்முறை விடை இதற்கு உண்டாயினும், அடிமைத்தளையினின்று நீங்க முயன்ற ஒரு தாயைத் திரும்பத் தளையிற் பூட்டியது அவருடைய வாதத்திறன் என்பது மாறாத உண்மை. இதனால் வேறொன்றும் பெறப்படுகின்றது. வளைந்த கால் 1821-இலும் அவருக்கு இருந்தது. தம் உடற்குறையால் உலகை வெறுத்தமையே அவரை அடிமைகளின் தரப்புக்குச் செலுத்தியது எனின், அக்கால் அன்று அவரை ஏன் செலுத்தவில்லை? இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1823-ஆம் ஆண்டு விடுதலை நாள் விருந்தொன்றில், அடுத்து வரும் குடியரசுத் தலைவர் ஓர் அடிமைக்கும் விலங்கு பூட்டாதவராக இருத்தல் வேண்டும் என்னும் பொருள்பட அவர் வாழ்த்துரைத்தார் எனக் காண்கின்றோம். இவ்விரண்டாண்டில் மாறியது கால் அன்று, கருத்தே.

கெட்டிஸ்பர்க்கில் பொருளும் நிலமும் ஈட்டிய பின் அவர் அரசியலிற் புகுந்தது மேசன் எதிர்ப்புக் கட்சியின் வாயிலாக. மேசன் சங்கத்தார் மறைவாகக் கூடித் தம்முள் ஒருவர்க்கொருவர் அரசு நலன்களைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பது அக்கட்சியின் குற்றச்சாட்டு. 1833-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டீவன்ஸ் அச்சங்கத்தைப் பற்றிய விசாரணைகளில் காட்டிய வேகம் அளவு கடந்ததே; பயன் சிறிதே. 1838-இல் தேர்தல் பூசலொன்றில் எதிர்ப்பாளர் கூட்டத்துக்கு அஞ்சி மாநில அவைக் கட்டடத்தின் சாளரம் வழியாகக் குதித்து வெளியேறினார் என்பதும் இக்காலத்துச் செய்தியே. இவற்றை விடுத்து, 1835-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

பென்சில்வேனியாவில் 1809 முதல் நடைமுறையில் இருந்த கல்விச்சட்டத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தம் மக்களைப் படிக்கவைக்க வகையற்ற பெற்றோர் தம்மை ஏழைகள் என்று பதிவு செய்துகொள்ளின், அம்மக்களின் பள்ளிச் செலவை அரசு ஏற்கும். அதாவது, வறுமையை ஊரறிய ஒப்பினார்க்கே எழுத்தறிவு. ஒப்ப நாணியோர் மக்கள் எழுதப் படிக்க அறியாமலே வளர்ந்தனர். 1834-இல் இந்நிலையை மாற்றி, வரி வாயிலாக எல்லார்க்கும் பொதுப்பள்ளி அமைக்கும் சட்டம் நிறைவேறியது. உடனே பெருங்கிளர்ச்சி எழுந்தது. வரி கொடுக்க விரும்பாத நிலவுடைமையாளரும், தம் சமயத்தார் நடத்தும் பள்ளிகளே போதும் எனக் கருதிய செருமானிய வழிவந்த குடியானவரும் அதனை எதிர்த்தனர். சட்டத்தை நீக்குமாறு வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 32,000 பேர் கையெழுத்திட்டிருந்தனர். அடுத்த தேர்தலில் சட்டத்தை ஆதரித்தோர் பலர் தோற்றனர். மாநில செனட் அவை நீக்கத்துக்கு உடன்பட்டுவிட்டது. கீழவையும் அவ்வாறே செய்யும் என யாவரும் எதிர்பார்த்தனர்.

1835 ஏப்ரல் 11-ஆம் நாள் ஸ்டீவன்ஸ் கீழவையில் எழுந்து பேசினார். அவ்வுரையின் சாரத்தை நம் சொல்லில் தருகின்றோம். பிறர் மக்கள் படிக்க நாங்கள் ஏன் வரி தருதல் வேண்டும் என்பார்க்கு அவர் தந்த விடை: ஒருநாளும் வழக்காடாதவனும் நீதிமன்றத்துக்கு வரி தருகின்றான், குற்றமே செய்யாதவனும் சிறைச்சாலைக்கு வரி தருகின்றான், குற்றத்தைத் தண்டிக்கத் தருபவன் குற்றம் நிகழாமற் காக்கத் தர மறுப்பது என்ன முறை? பழைய சட்டமே ஏழைகளுக்குப் போதும் என்பார்க்கோ, நீக்கச் சட்டத்துக்கு வேறு பெயரிடுமாறு அவர் கூறினார்: செல்வரினின்றும் ஏழைகளை வேறு பிரித்தறியும்பொருட்டு அவர்களுக்குச் சூடுபோட்டு அடையாளமிடும் சட்டம் என்பது அப்பெயர். உரை முடிந்தது, கீழவை நீக்கத்தை மறுத்தது, சட்டத்தை வலுப்படுத்தும் திருத்தங்களையும் ஏற்றது. ஒரு பேச்சால் ஓர் அவையின் மனம் மாறியதென்று கூறப்படும் இடங்கள் பெரும்பாலும் புனைவாக முடிதலை நாம் அறிவோம். இவ்விடம் அவ்வாறன்று.

இவ்வுரையில் இருகூறுகளைக் கருதுதல் வேண்டும். மாநில ஆளுநர் ஜார்ஜ் உல்ஃப், ஸ்டீவன்ஸுக்கு எதிர்க்கட்சியினர், மேசன் சங்கத்தவருங்கூட. பொதுக்கல்வியின் பொருட்டு அவர் நின்ற நிலையை ஸ்டீவன்ஸ் அவையில் வெளிப்படையாகப் பாராட்டித் தம் கட்சியினரையும் அவர் பக்கம் நிற்குமாறு வேண்டினார். பகையே வடிவானவர் என்று தீட்டப்பெறும் ஓவியத்தில் இந்நிகழ்ச்சிக்கு இடமில்லை. மற்றொரு கூறு அடிப்படையானது. ஏழையை ஏழை என அடையாளமிடும் சட்டம் சட்டமன்று என்னும் கருத்தே அவ்வுரையின் உயிர். அடையாளமிடும் சட்டம் எதுவாயினும், வறுமைபற்றியதாயினும் நிறம்பற்றியதாயினும், அவர் எதிர்ப்பது இங்குத் தொடங்குகின்றது.

மூன்றாண்டு கழிந்து அது வெளிப்பட்டது. 1837-இலும் 1838-இலும் கூடிய மாநில அரசியலமைப்பு மாநாட்டில் உறுப்பினராயிருந்த ஸ்டீவன்ஸ், வாக்குரிமைப் பகுதியில் ‘வெள்ளையர்’ என்னும் ஒரு சொல் சேர்க்கப்பட்டதனைக் கண்டார். அதுவரை பென்சில்வேனியாவின் சில பகுதிகளில் வாக்களித்துவந்த கறுப்பினத்தார் அச்சொல்லால் உரிமை இழந்தனர். பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினத்தார், நாற்பதினாயிரம் குடிமக்களின் முறையீடு என்னும் பெயரால் அறிக்கை வெளியிட்டும் பயனில்லாது போயிற்று. மாநாடு முடிந்தபின் புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட ஸ்டீவன்ஸ் மறுத்துவிட்டார். வாக்கற்றவர்க்காகக் கையெழுத்திட மறுத்தலால் ஓர் அரசியலாளர்க்கு வரும் ஆதாயம் யாது? ஒன்றுமில்லை.

1842-இல் அவர் லாங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். இரும்பாலைத் தொழிலில் இரண்டு இலட்சம் டாலருக்கு மேற்பட்ட கடன் ஏறியிருந்தது. வழக்குத் தொழில் செய்து அதனை அடைக்கத் தொடங்கினார். இந்நகரில்தான் லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்னும் பெண்மணி அவர் இல்லத்தை நடத்த வந்தார். 1840-களில் வந்த அவர் ஸ்டீவன்ஸ் இறக்குங்காறும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அப்பொறுப்பில் இருந்தார். இருவர்க்குமிடையே இல்லறத் தொடர்பு இருந்தது என்று பகைவர் அன்றே தூற்றினர். 2012-இல் வெளிவந்த லிங்கன் பற்றிய திரைப்படமும் அவ்வாறே காட்டியது. அதற்கு ஐயந்திரிபற்ற சான்று கிடைத்திலது. சான்று உள்ளது இவ்வளவே: ஸ்டீவன்ஸ் அவரை மதிப்புடன் ‘திருமதி ஸ்மித்’ என விளித்தார், தம் இறுதி ஆவணத்தில் அவருக்குப் பொருள் ஒதுக்கினார், அவ்வம்மையார் தாமே சொத்துகள் வாங்கி நடத்தும் திறமுடையவராக விளங்கிப் பின்னர் ஸ்டீவன்ஸின் வீட்டையும் விலைக்கு வாங்கினார். தொடர்பு எத்தகையதாயினும் ஆகுக. அவர் அவ்வில்லம் புகுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே 1838-ஆம் ஆண்டு மறுப்பு நிகழ்ந்துவிட்டது. மூன்றாம் ஏது இவ்விடத்திலேயே வீழ்கின்றது.

விக் கட்சியின் சார்பில் 1849 முதல் 1853 வரை அவர் நாட்டுப் பேராயத்தில் அமர்ந்தார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு வடமாநிலத்தாரையும் கட்டாயப்படுத்திய 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அச்சட்டத்தின் விளைவு அவர் தொகுதியிலேயே தோன்றியது. 1851 செப்டம்பர் 11-ஆம் நாள், தப்பிய அடிமைகளைத் தேடி லாங்காஸ்டர் வட்டத்துக் கிறிஸ்டியானா என்னும் ஊருக்கு வந்த மேரிலாந்து நிலக்கிழார் எட்வர்டு கோர்சச் அங்கு நேர்ந்த கைகலப்பில் கொல்லப்பட்டார். முப்பதுக்கு மேற்பட்டோர்மீது அரசு நாட்டுத் துரோகக் குற்றம் சாட்டியது. அடிமை பிடிக்கத் துணைசெய்ய மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்னும் வெள்ளையரே முதலில் விசாரிக்கப்பட்டார். அவர்க்காக நின்ற வழக்குரைஞருள் ஸ்டீவன்சும் ஒருவர். ஓர் ஊரிற் சிலர் ஒரு சட்டத்தை எதிர்த்தல் நாட்டின்மேல் போர் தொடுத்தலாகுமா என்பதே வழக்கின் மையம். சான்றாயர் கால் மணி நேரத்தில் குற்றமில்லை என்றனர். சாரிட்டி பட்லரைத் தோற்கடித்த அதே வழக்குரைஞர் முப்பதாண்டு கழித்து எத்தரப்பில் நின்றார் என்பது கருதத்தக்கது.

குடியரசுக் கட்சியின் சார்பில் 1859-இல் அவர் பேராயத்துக்கு மீண்டபோது அவருக்கு அகவை 67. போர் தொடங்கிய 1861-இல் வருவாய்க் குழுவின் தலைவரானார். போர்ச்செலவுக்குரிய வரிகளும் கடன்களும், 1862-இல் வெளியிடப்பெற்ற காகிதப் பணமும் இக்குழு வழியாகவே வந்தன. போரின் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பதே, அடிமை முறையில் தலையிடுவதன்று என 1861 சூலையில் பேராயம் ஏற்ற தீர்மானத்தை ஸ்டீவன்ஸ் ஏற்கவில்லை. அடிமையின் உழைப்பே எதிரியின் வலிமை. அதனைத் தொடாமற் போரிடுதல் வேரை விட்டுக் கிளையை வெட்டுதலாகும் என்பது அவர் வாதத்தின் போக்கு. 1865 சனவரி 31-இல் அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் திருத்தத்தைப் பிரதிநிதிகள் அவை 119-க்கு 56 என்னும் வாக்குகளால் ஏற்றபோது அவர் நோக்கம் நிறைவேறியது.

இரும்பாலைச் செய்திக்கு வருவோம். கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்னர், 1863 சூனில், தென்படைத் தளபதி ஜூபல் ஏர்லி, ஸ்டீவன்ஸுக்கு உரிய கலிடோனியா இரும்பாலையை எரித்தழித்தார். அவர் பேராயத்தில் ஆற்றிய பணிக்குப் பழியாகவே அது செய்யப்பட்டது. அதாவது எரிப்பு விளைவேயன்றிக் காரணமன்று. ஆலையை இழந்த ஸ்டீவன்ஸ் எழுதிய மடலில், வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு உடனடியாக உதவுவதைப் பற்றியே கவலை மிகுந்து காணப்படுகின்றது. இழந்த ஆலையின் பொருட்டே மறுசீரமைப்பு முழுதும் நடந்தது என்பார், அதற்கு இருபத்தைந்தாண்டு முற்பட்ட கையெழுத்து மறுப்பை எங்ஙனம் விளக்குவரோ அறியோம்.

போர் முடிந்தது, லிங்கன் 1865 ஏப்ரலில் கொலையுண்டார், டென்னசியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். தையற்காரராகத் தொடங்கி உயர்ந்த ஜான்சனும், கைவிடப்பட்ட தாயின் மகனாய் வளர்ந்த ஸ்டீவன்சும் வறுமை அறிந்தவரே. எனினும் தோற்ற மாநிலங்களை விரைந்து முன்னைய நிலையில் அமர்த்த விரும்பினார் முன்னவர். அவ்வாறு அமர்த்தின் விடுதலை பெற்றோர் நிலை யாதாகும் என வினவினார் பின்னவர். விடை விரைவில் வந்தது. 1865-இன் இறுதியில் மிசிசிப்பி, தென்கரோலினா முதலிய மாநிலங்கள் கறுப்பினத்தார்க்கென்றே தனிச்சட்டங்கள் இயற்றின. ஆண்டு முழுமைக்கும் உழைப்பு ஒப்பந்தம் இன்றி இருப்போர் நாடோடிகள் எனப் பிடிக்கப்பட்டுத் தண்டத்தொகைக்கு ஈடாக நிலக்கிழாரிடம் வேலைக்கு விடப்பட்டனர். மிசிசிப்பியில் நகரெல்லைக்கு வெளியே அவர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்தலும் தடுக்கப்பட்டது. ஒழிந்ததென்ற அடிமை முறை வேறு பெயரில் மீளும் காட்சி இது.

இதனோடு ஒரு கணக்கும் சேர்ந்தது. 1787-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிரதிநிதிகளின் தொகையை வகுக்குங்கால் ஐந்து அடிமைகளை மூவராக எண்ணியது. அடிமை முறை ஒழியவே ஐவரும் ஐவராகவே எண்ணப்படுவர். வாக்கோ ஒருவர்க்கும் இல்லை. தோற்ற மாநிலங்கள் போருக்கு முன்னிருந்ததனினும் மிகுந்த உறுப்பினருடன் பேராயத்துக்குத் திரும்பும்! 1865 டிசம்பர் 4-இல் பேராயம் கூடியபோது அவை எழுத்தர் எட்வர்டு மக்பர்சன் தென்மாநில உறுப்பினர் பெயர்களைப் படிக்காது விடுத்தார். மக்பர்சன் கெட்டிஸ்பர்க் ஊரினர், ஸ்டீவன்ஸுக்கு அணுக்கர். அதனைத் தொடர்ந்து, ஸ்டீவன்ஸ் முன்மொழிந்தவாறே, இரு அவையினின்றும் பதினைவர் கொண்ட கூட்டுக்குழு அமைந்தது.

அக்குழுவின் ஆக்கமே பதினான்காம் திருத்தம். அமெரிக்க மண்ணிற் பிறந்தார் யாவரும் குடிமக்கள் என்பதும், எம்மாநிலமும் எவர்க்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுத்தலாகாது என்பதும் அதன் முதற்பிரிவு. அப்பிரிவின் சொல்லமைப்பு பெரும்பாலும் ஒகையோ உறுப்பினர் ஜான் பிங்காமுக்கு உரியது. அதனை ஸ்டீவன்ஸுக்கு ஏற்றிக் கூறுதல் பிழை. ஆனால் 1866 மே 8-இல் அதனை அவையில் விளக்கும் பொறுப்பு ஸ்டீவன்ஸைச் சார்ந்தது. வெள்ளையனை எக்குற்றத்துக்கு எவ்வாறு தண்டிக்குமோ அவ்வாறே, அவ்வளவே, கறுப்பனையும் சட்டம் தண்டித்தல் வேண்டும்; ஒருவனைக் காப்பது மற்றவனையும் காத்தல் வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். 1835-இல் பள்ளிச் சட்டத்தின்மேல் அவர் ஆற்றிய உரையைப் படித்தவர்க்கு இவ்விளக்கம் புதிதாகத் தோன்றாது.

திருத்தம் அவர் விரும்பிய வடிவில் அமையவில்லை. கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை தரும் பகுதி குழுவிலேயே கைவிடப்பட்டது. வாக்கை மறுக்கும் மாநிலத்துக்கு அவ்வளவுக்குப் பிரதிநிதிகள் குறைக்கப்படுவர் என்னும் சுற்றுவழியே எஞ்சியது. 1866 சூன் 13-இல் இறுதி வாக்கெடுப்புக்கு முன் ஸ்டீவன்ஸ் ஆற்றிய உரை அவர் வாழ்க்கையிற் சிறந்ததென்பது நம் மதிப்பீடு. இளமையிலும் முதுமையிலும் தாம் கண்ட கனவொன்று உண்டு. நல்லூழ் வாய்க்குமேல் இந்நாட்டின் நிறுவனங்களையெல்லாம் ஏற்றத்தாழ்வின்றித் திருத்தி அமைத்துவிடலாம் என்னும் அக்கனவு கலைந்தது. பழைய கட்டடத்தின் சிதைந்த பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு அமைதல் வேண்டியதாயிற்று என அவர் வருந்தினார். அவ்வாறாயின் ஏன் ஏற்கின்றீர் என்பார்க்குத் தாம் வாழ்வது மாந்தரிடையேயன்றி வானவரிடையே அன்று என்று விடை தந்தார். விட்டுக்கொடாதவர், வெறியர் என்று பெயர் பெற்ற ஒருவரது கூற்று இது! அவை 120-க்கு 32 என்னும் வாக்குகளால் திருத்தத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு மார்ச்சு 2-இல், குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி, மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. பத்துத் தென்மாநிலங்கள் ஐந்து படைத்துறை வட்டங்களாகப் பகுக்கப்பட்டன; அங்குக் கறுப்பின ஆடவர் முதன்முதல் வாக்களித்தனர்.

அவர் பெறாது போனது நிலம். 1865 செப்டம்பர் 6-இல் லாங்காஸ்டர் நகரில் அவர் வெளியிட்ட திட்டம் கணக்கோடு கூடியது. பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட சொத்தோ 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமோ உடைய தென்னாட்டுக் கிளர்ச்சியாளர் ஏறத்தாழ 70,000 பேர். அவர்தம் நிலம் 39 கோடியே 40 இலட்சம் ஏக்கர். அதனைப் பறிமுதல் செய்து விடுதலை பெற்ற குடும்பத்தலைவர் ஒவ்வொருவர்க்கும் 40 ஏக்கர் தருக; பத்து இலட்சம் பேர்க்குத் தரினும் செல்வது நான்கு கோடி ஏக்கரே; எஞ்சியதை விற்றுப் போர்க்கடனை அடைக்க. தென்மாநில மக்களுட் பத்தில் ஒன்பது பங்கினர் இதனால் ஓர் அடி நிலமும் இழவார் என்பதனை அவர் வற்புறுத்தினார். ஆனால் அவர் கட்சியினரே இதற்கு அஞ்சினர். உடைமை புனிதமானது என்பதில் வடக்கும் தெற்கும் ஒன்றாயின. 1866 பிப்ரவரியில் நிலம்பற்றி அவர் கொணர்ந்த திருத்தம் 126-க்கு 37 என்னும் வாக்குகளால் வீழ்ந்தது. 1867 மார்ச்சில் மீண்டும் கொணர்ந்த சட்டமுன்வரைவும் சட்டமாகவில்லை. தளபதி ஷெர்மன் 1865 சனவரியில் இட்ட ஆணையால் தென்கரோலினா, சியார்சியா கடற்கரைகளில் குடியமர்ந்திருந்த ஏறத்தாழ 40,000 கறுப்பினத்தாரிடமிருந்தும் நிலத்தை மீட்டுப் பழைய உரிமையாளர்க்குத் தருமாறு ஜான்சன் ஆணையிட்டுவிட்டார்.

1868-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணையைப் பற்றிச் சுருங்கக் கூறுவாம். அது ஸ்டீவன்ஸின் பணியுள் வலிமை குன்றிய பகுதி. பாதுகாப்பமைச்சர் ஸ்டான்டனைப் பதவி நீக்கினார் என்பதன்மேல் ஜான்சன் குற்றம் சாட்டப்பட்டார். அந்நீக்கத்தைத் தடுத்த சட்டமே அரசியலமைப்புக்குப் பொருந்தாததென்று 1926-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. உண்மைக் குற்றம் வேறு, வழக்கிட்ட குற்றம் வேறு என ஆனமையின் வழக்கு நொய்தாயிற்று. நோயால் நடக்கவியலாத ஸ்டீவன்ஸை இருவர் நாற்காலியில் வைத்துச் செனட் அவைக்குச் சுமந்து சென்றனர். நீங்கள் இறந்துபோனால் என்னைத் தூக்குவார் யார் என்று அவ்விளைஞரிடம் அவர் நகையாடினாராம். மே 16-இல் ஒரு வாக்குக் குறைவால் ஜான்சன் தப்பினார்.

பதினான்காம் திருத்தம் செயலுக்கு வந்ததாக 1868 சூலை 28-இல் அறிவிக்கப்பட்டது. இரு கிழமைகளில், ஆகஸ்டு 11 நள்ளிரவில், ஸ்டீவன்ஸ் வாசிங்டனில் உயிர்நீத்தார். உடன் லிடியா ஸ்மித்தும் உறவினரும் இருந்தனர். கறுப்பினப் போதகர் இருவர் இறைவேண்டல் செய்தனர். பேராய மாளிகையில் கிடத்தப்பெற்ற உடலுக்குக் கறுப்பின வீரர் காவல் நின்றனர். லாங்காஸ்டரில் நிறத்தடை இல்லாத சிறிய இடுகாடொன்றைத் தமக்கென அவர் முன்பே தெரிந்துவைத்திருந்தார். பிற இடுகாடுகள் நிறம் பற்றி மாந்தரை வரையறுத்தமையின் இவ்விடத்தைத் தேர்ந்ததாகக் கல்லில் பொறிக்கவும் செய்தார். நிறம்பாராது ஆதரவற்ற சிறுவரைப் பேணும் இல்லம் ஒன்றுக்குத் தம் பொருளில் ஒரு பகுதியை வைத்தார். அதன் வழியாகத் தோன்றிய தொழிற்பள்ளி 1905 முதல் அந்நகரில் நடந்துவருகின்றது.

இனி அவரைப் பற்றி எழுதியோர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவர்தம் மாணாக்கரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுசீரமைப்பைத் தெற்கின்மேல் இழைக்கப்பட்ட கொடுமையாக எழுதினர். 1915-இல் கிரிஃபித் எடுத்த ‘ஒரு நாட்டின் பிறப்பு’ என்னும் திரைப்படத்தில் ஆஸ்டின் ஸ்டோன்மன் என்ற பாத்திரம் நொண்டி நடையோடும் பொய்ம்மயிரோடும் கலப்பின இல்லக் கிழத்தியோடும் தோன்றியது. யாரைக் குறித்ததென்பது ஒருவர்க்கும் ஐயமில்லை. 1929-இல் கிளாட் பவர்ஸ் எழுதிய நூலும் அவ்வழியே சென்றது. இவற்றை மறுத்து 1935-இல் டு பாய்ஸ் எழுதிய கறுப்பு மறுசீரமைப்பு என்னும் பெருநூலைத் துறையறிஞர் நெடுங்காலம் ஏறிட்டுப் பாரார் ஆயினர். 1959-இல் ஃபான் பிரோடி ஸ்டீவன்ஸின் பக்கம் பரிவோடு எழுதினார். எனினும் வளைந்த கால் உள்ளத்தை எங்ஙனம் வளைத்தது என உளநூல் வழி விளக்கவும் முற்பட்டார். பரிவுடையோரும் பகைவர் இட்ட வினாவுக்கே விடை தேடினர் என்பது இதனால் விளங்கும். சமமான பாதுகாப்பை எதிர்த்து வாக்களித்த முப்பத்திருவரின் உடற்குறைகளை ஆராய்ந்தார் ஒருவரும் இலர். ஹான்ஸ் டிரெஃபூஸ் 1997-இல் வெளியிட்ட வரலாறு ஆவணங்களை நடுநிலையோடு நோக்குவது. எரிக் ஃபோனர் 1988-இல் எழுதிய மறுசீரமைப்பு வரலாறு காலச்சூழலை விளக்க இன்றியமையாதது.

நிலம் கிடைத்திருப்பின் பின்விளைவு வேறாகியிருக்குமா என்பதில் இவ்வறிஞரிடையேயும் ஒத்த கருத்தில்லை. பருத்தி விலை 1870-களில் வீழ்ந்தது. ஏரும் கடனும் இன்றி 40 ஏக்கரை மட்டும் பெற்ற குடும்பம் சில ஆண்டுகளில் வட்டிக்கு இரையாகியிருக்கும் என்பர் ஒருசாரார். அக்கூற்றில் வலிமை உண்டு. ஆயின் கடன்பட்ட உடைமையாளன் வேறு, கடன்பட்ட வாரக்குடியானவன் வேறு. தென்னாட்டில் கறுப்பினத்தார் வாக்களிக்கச் சென்ற இடந்தோறும் நிலக்கிழார் முதலில் கையாண்ட படைக்கலம் குடியிருப்பை விட்டு வெளியேற்றுதல். பிறன் நிலத்தில் பிறன் குடிசையில் வாழ்பவனிடம் கொடுத்த வாக்குச் சீட்டை அந்நிலத்துக்குரியவனே மீட்டுக்கொள்வான் என்பதனைத்தான் ஸ்டீவன்ஸ் 1865 முதல் கூறிவந்தார். 1877-இல் கூட்டாட்சிப் படைகள் அரசியற் காவலினின்று விலக்கப்பட்டபின், அடுத்து வந்த முப்பதாண்டுக்குள் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பினத்தார் வாக்கைப் பறித்தன. பதினான்காம் திருத்தம் மட்டும் ஏட்டில் நீங்காதிருந்தது. பள்ளிகளில் நிறம் பற்றி மாணவரைப் பிரித்தல் செல்லாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அடிப்படையாகக் கொண்டது அத்திருத்தத்தின் முதற்பிரிவையே. நிலத்தைப் பற்றிய பிரிவு எதுவும் அதில் இல்லை.